அலாரம் அடித்தால் யார் வருவார்கள்?

நள்ளிரவில் எங்கோ ஒரு பூட்டிய கடைக்குள் சைரன் அலறும் சத்தத்தை எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்போம். முதல் நிமிடத்தில் தூக்கம் கலைகிறது. அடுத்த நிமிடத்தில் ‘யாராவது வந்து நிறுத்த மாட்டார்களா’ என்று எரிச்சல் வருகிறது. ஐந்து நிமிடம் போனால் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுகிறோம். உள்ளே திருடன் புகுந்தானா, எலி ஓடியதா, ஒயர் கருகுகிறதா, யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்துக்குள் அந்த நேரத்தில் எட்டிப் பார்ப்பதும் ஆபத்து. அதனால் அக்கம்பக்கத்தாரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்தக் கடைக்காரர், சத்தம் கேட்டால் உதவி வரும் என்று நம்பித்தான் அலாரத்துக்குப் பணம் கொடுத்திருப்பார்.

சத்தத்துக்கும் உதவிக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் பாதுகாப்பு ஏற்பாட்டின் முக்கால்வாசி. வீட்டுக்கோ கடைக்கோ முதன்முறையாக அலாரம் வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்தக் கேமரா, எத்தனை சென்சார் என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். நான் வேறு இடத்தில் தொடங்கச் சொல்வேன். அலாரம் அடிக்கிறது, நீங்கள் அங்கே இல்லை. யாருக்குத் தெரியும்? தெரிந்தவர் என்ன செய்வார்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால், எந்தக் கருவி வேண்டும் என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

கதவில் இருக்கும் சின்னக் காந்தம்

எந்த அலாரத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் மூன்று வேலைகள் நடக்கின்றன. ஏதோ சரியில்லை என்று உணர்வது சென்சார். அதைப் பொருட்படுத்த வேண்டுமா என்று முடிவெடுப்பது கண்ட்ரோல் பேனல், அதாவது சுவரில் ஒரு மூலையில் மாட்டியிருக்கும் பெட்டி. அதை உரிய ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மூன்றாவது வேலை.

கதவு சென்சாரைக் கிட்டத்தில் பார்த்தால் அலாரத்தின் அடிப்படை முழுவதும் புரிந்துவிடும். இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள். ஒன்று கதவிலும் மற்றொன்று நிலையிலும் ஒட்டப்பட்டிருக்கும். கதவில் இருப்பது வெறும் காந்தம். நிலையில் இருப்பதற்குள் விரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், நடுவே மயிரிழை இடைவெளி. இதற்கு ரீட் சுவிட்ச் என்று பெயர். கதவு மூடியிருக்கும்போது காந்தம் அருகில் இருப்பதால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் ஓடும். கதவு திறந்தால் காந்தம் விலகும், தகடுகள் பிரியும், மின்சாரம் நிற்கும். மின்சாரம் நின்றதைத்தான் பேனல் கவனிக்கிறது.

மின்சாரம் ஓடினால் அலாரம் என்று வைக்காமல் நின்றால் அலாரம் என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1853 ஜூன் மாதம் அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் மின்சாரத் திருட்டு அலாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய அமைப்பில் கதவையோ ஜன்னலையோ திறந்தால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும். எட்வின் ஹோம்ஸ் என்பவர் அந்த உரிமையை வாங்கி அதை ஒரு தொழிலாகவே வளர்த்தார். ஆனால் திறந்தால்தான் மின்சாரம் ஓடும் என்ற ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. திருடன் முதலில் ஒயரை வெட்டிவிட்டால் அப்புறம் எத்தனை கதவைத் திறந்தாலும் மணி அடிக்காது. எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் மின்சாரத்தை வெட்டினால் வெட்டியதே அலாரம் ஆகிவிடும்.

சரி, விவரம் தெரிந்த ஒருவன் ஒயரை வெட்டாமல் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால்? மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், கதவு திறந்தது தெரியாது. அதற்காகத்தான் ஒயரின் கடைக்கோடியில், சென்சாருக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மின்தடையை, அதாவது மின்சாரத்தை ஓரளவு கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை, வைக்கிறார்கள். பேனலுக்கு அந்த மின்தடையின் அளவு தெரியும். அந்த அளவு காட்டும்வரை எல்லாம் நலம். கதவு திறந்தாலும் ஒயர் அறுந்தாலும் முறுக்கப்பட்டாலும் அளவு மாறிவிடும். சில இடங்களில் வேலை மிச்சம் என்று அந்த மின்தடையைச் சென்சார் பக்கம் வைக்காமல் பேனல் பெட்டிக்குள்ளேயே செருகிவிடுகிறார்கள். அலாரம் வேலை செய்வதுபோலவே தெரியும். ஒயரை யாராவது முறுக்கினால் மட்டும் பேனலுக்குத் தெரியாது. ஒயர் இழுக்கும் நாளில் கூடவே நின்று, ‘ரெசிஸ்டர் எங்கே வைக்கிறீர்கள்?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அறை மூலையில் இருக்கும் அசைவு சென்சார் வேறு வகை. மனித உடல் தன் சூட்டினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. சென்சாரின் முகத்தில் உள்ள வரிவரியான பிளாஸ்டிக் வில்லை அறையைப் பல பட்டைகளாகப் பிரிக்கும். ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குச் சூடான ஏதோ நகர்ந்தால் சென்சார் விழிக்கும். எனவே அதற்குக் குறுக்காக நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும், நேராக அதை நோக்கி வருபவரைச் சற்றுத் தாமதமாகத்தான் பிடிக்கும். வாசலைப் பார்த்து வைப்பதைவிட, வருபவர் குறுக்கே கடக்கும்படி பக்கச் சுவரில் வைப்பது மேல். இன்னொன்று, இந்தக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. அறைக்குள் இருந்துகொண்டு கண்ணாடி வழியே தோட்டத்தைக் காவல் காக்கச் சொன்னால் அதனால் முடியாது.

செய்தி போகும் வழி

அலாரம் கண்காணிப்பு என்பது இங்கேதான் வருகிறது. பேனல் ஓர் ஆபத்தை உணர்ந்ததும் வெறும் சைரனை அடிக்காமல், எங்கோ ஒரு கண்காணிப்பு மையத்தில் இரவுபகலாக உட்கார்ந்திருக்கும் ஊழியருக்குச் செய்தி அனுப்புகிறது. இந்த யோசனை மிகப் பழையது. 1852-ல் பாஸ்டன் நகரில் தீ எச்சரிக்கைத் தந்தி அமைப்பு தொடங்கியது. தெருவில் உள்ள பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினால் அந்தப் பெட்டியின் எண் தலைமை இடத்துக்குப் போகும். தீ எந்தப் பகுதியில் என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

இன்றைய பேனல்கள் அனுப்புவதும் கிட்டத்தட்ட அதேபோல் எண்கள்தாம். காண்டாக்ட் ஐடி என்ற முறை உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ளது. தொலைபேசியில் எண்களை அழுத்தும்போது கேட்கும் அதே ‘டூட் டூட்’ ஒலிகளால் இது செய்தி சொல்லும். ஒரு செய்தி இப்படி இருக்கும்: 1234 18 1130 01 003. முதல் 4 இலக்கம் வாடிக்கையாளர் கணக்கு. 18 என்பது இது காண்டாக்ட் ஐடி செய்தி என்பதற்கான அடையாளம். 1130-ல் முதலில் உள்ள 1, புதிதாக நடந்தது என்று சொல்கிறது. 130 என்றால் திருட்டு அலாரம். 01 என்பது கட்டடத்தின் எந்தப் பிரிவு, 003 என்பது எந்தச் சென்சார். 130-க்குப் பதில் 110 வந்தால் தீ. 301 வந்தால் மெயின் மின்சாரம் போய்விட்டது, 302 வந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. 

எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்தது 602. எந்த ஆபத்தும் இல்லை, நான் உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் சொல்லும் சோதனைச் செய்தி அது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை பேனல் அதை அனுப்பும். வர வேண்டிய 602 வரவில்லை என்றால் அந்த மௌனத்தையே ஒரு புகாராக எடுத்துக்கொண்டு மையம் விசாரிக்க வேண்டும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை இந்தச் செய்தி போகிறது, வராவிட்டால் எவ்வளவு நேரத்தில் என்னை அழைப்பீர்கள் என்று கண்காணிப்புச் சேவை தருபவரிடம் கேளுங்கள். தடுமாறாமல் பதில் சொல்பவரை நம்பலாம்.

இரவு 2 மணி 14 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மையத்தின் திரையில் ஒரு கடையின் பின்கதவுச் சென்சார் வருகிறது. காற்றில் கதவு ஆடியிருக்கலாம். 11 வினாடி கழித்து, உள்ளே கிடங்கின் அசைவுச் சென்சார் வருகிறது. இப்போது ஊழியர் நிமிர்ந்து உட்காருவார். கதவு திறந்து, அதன்பின் உள்ளே ஏதோ நடமாடுகிறது என்றால் அது ஓர் ஆள் நடந்துபோகும் வரிசை. முதல் எண்ணை அழைக்கிறார். ஸ்விட்ச் ஆஃப். இரண்டாவது எண் கடையை விட்டுப் போய்விட்ட பழைய மேலாளருடையது. மூன்றாவது எண் இல்லவே இல்லை. காந்தமும் வில்லையும் மின்தடையும் சரியாக வேலை செய்து கொண்டுவந்த செய்தி, யாரும் புதுப்பிக்காத ஒரு தொலைபேசிப் பட்டியலில் வந்து நின்றுவிடுகிறது. அந்தப் பட்டியலில் குறைந்தது மூன்று பேர் இருக்கட்டும். ஒருவராவது அருகில் வசிப்பவராக, சாவி வைத்திருப்பவராக இருக்கட்டும். இரவில் போனை அணைத்துவைப்பவர் அதில் இருக்க வேண்டாம்.

மையத்திலிருந்து அழைக்கும்போது கடவுச்சொல் கேட்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இதனுடன் மிரட்டல் எண் என்று ஒன்றும் உண்டு. கத்தியைக் காட்டி ‘அலாரத்தை நிறுத்து’ என்று ஒருவன் மிரட்டினால், வழக்கமான பின் நம்பருக்குப் பதில் இந்த எண்ணைத் தட்டலாம். சைரன் அடங்கிவிடும், திரையும் வழக்கம்போலக் காட்டும். ஆனால் மையத்துக்குச் சத்தமில்லாமல் செய்தி போய்விடும். பல பேனல்களில் இந்த வசதி இருக்கிறது, பலர் அதை அமைத்துக்கொள்வதே இல்லை.

செய்தி எந்த வழியாகப் போகிறது என்பதும் முக்கியம். தொலைபேசி ஒயர் வழியா, இணையம் வழியா, சிம் கார்டு வழியா? ஒரே ஒரு வழி என்றால் அது அடைபட்டால் கதை முடிந்தது. இணையத்தை நம்பியிருக்கும் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பேனலுக்குள் பேட்டரி இருக்கிறது, ஆனால் ரௌட்டருக்கு இல்லை. மெயின் மின்சாரம் போன அடுத்த கணமே பேனல் உயிரோடு இருந்தும் ஊமையாகிவிடும். ஒரு நாள், மையத்துக்குச் சொல்லிவிட்டு, மெயினை அணைத்துப் பாருங்கள். அப்படியே ஒரு கதவைத் திறந்து, செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை இது.

தவறான அலாரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காவல் துறைக்குப் போகும் திருட்டு அலாரங்களில் மிகப் பெரும்பாலானவை வீண் அழைப்புகள். பின் நம்பரை மறந்த ஊழியர், ஃபேன் காற்றில் ஆடும் விளம்பரத் தட்டி, சரியாகச் சாத்தாத கதவு. சால்ட் லேக் சிட்டியில் 2000-ம் ஆண்டு முதல் யாராவது நேரில் பார்த்தோ வேறு வகையிலோ உறுதிசெய்தால்தான் காவல் துறை வரும் என்ற விதியே வந்துவிட்டது. எனவே ஒவ்வொரு வீண் அலாரத்தையும் ‘சரி போகட்டும்’ என்று விடாமல் காரணத்தைத் தேடுங்கள். பத்து முறை வீணாக அடித்த அலாரத்தைப் பதினோராவது முறை நீங்களே நம்பமாட்டீர்கள்.

கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. கேமரா பதிவுசெய்யும், தானாக யாரையும் எழுப்பாது. கேமராவும் உதவியை அழைக்கும் ஏற்பாடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நியூயார்க் செவிலியர் அப்போதே யோசித்துவிட்டார். இரவில் வீட்டில் தனியாக இருக்க நேர்ந்தவர் அவர். கணவருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய வீட்டுப் பாதுகாப்பு அமைப்புக்கு 1969-ல் காப்புரிமை கிடைத்தது. வாசலில் நிற்பவரைத் திரையில் பார்க்கலாம், பேசலாம், தூரத்திலிருந்தே கதவைத் திறக்கலாம், ஆபத்து என்றால் ஒரு பொத்தானை அழுத்தி உதவி கேட்கலாம். இன்றைய வாசல்மணிக் கேமராக்களில் இருக்கும் அடிப்படை வசதிகள் பலவும் அதில் இருந்தன.

தீ வேறு கணக்கு

திருடன் வந்தால் போவது பெரும்பாலும் பொருள். தீ வந்தால் போவது உயிர், அதுவும் தூக்கத்தில். அதனால் பட்ஜெட் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் புகை அலாரத்தை வாங்கிவிட்டு அப்புறம் கேமராவைப் பற்றி யோசியுங்கள் என்றே நான் சொல்வேன். விலையிலும் அதுதான் குறைவு.

தீ விபத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது சுடரைவிடப் புகைதான். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ‘கருகும் வாசனை வந்தால் எழுந்துவிடுவேன்’ என்று பலர் நம்புகிறார்கள். தூங்கும்போது நம் மூக்கும் தூங்கிவிடுகிறது. காதுதான் அப்போதும் ஓரளவு விழித்திருக்கும் புலன். அலாரம் காதை நம்பியிருப்பது அதனால்தான்.

நேரமும் முன்புபோல் இல்லை. அமெரிக்காவின் யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் இரண்டு வரவேற்பறைகளை அருகருகே எரித்துப் பார்த்தது. மரமும் பருத்தியுமான பழைய வகை அறைக்கலன்கள் ஒன்றில், நுரை மெத்தையும் செயற்கை இழையுமான இன்றைய அறைக்கலன்கள் மற்றொன்றில். பழைய அறை முழுவதுமாகப் பற்றிக்கொள்ள 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. இன்றைய அறைக்கு 4 நிமிடம்கூட ஆகவில்லை. கூரையடியில் தேங்கும் புகையின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அறையில் உள்ள எல்லாப் பொருள்களும் ஒரே கணத்தில் தீப்பிடிக்கும். அந்தக் கட்டத்துக்குப் பிறகு அந்த அறையில் யாரும் பிழைக்க முடியாது. ஆக, அலாரம் நமக்கு வாங்கித்தருவது இரண்டு மூன்று நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் சட்டை தேடக்கூடாது.

புகை அலாரம் இரண்டு வகை. ஒன்றில் சிறிய விளக்கொளி ஒரு திசையில் போய்க்கொண்டே இருக்கும், ஒளியை உணரும் கண் வேறு கோணத்தில் ஒதுங்கியிருக்கும். சுத்தமான காற்றில் ஒளி அந்தக் கண்ணில் படாது. புகைத் துகள்கள் நுழைந்தால் ஒளி சிதறிக் கண்ணில் விழும், அலாரம் அடிக்கும். ஜன்னல் வழியே விழும் வெயில் கற்றையில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். மெத்தையோ சோபாவோ சுடர் விடாமல் வெகுநேரம் கனியும்போது வரும் பருமனான புகையை இது நன்றாகப் பிடிக்கும்.

இன்னொரு வகையில் அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் துளியளவு இருக்கும். அதன் கதிர்கள் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள காற்றை அயனியாக்குவதால் மெல்லிய மின்சாரம் ஓடும். புகைத் துகள்கள் அயனிகளில் ஒட்டிக்கொண்டால் மின்சாரம் குறையும். இந்த வழி தற்செயலாகக் கிடைத்தது. 1930-களில் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் வால்டர் யேகர் நச்சுவாயுவைக் கண்டறிய ஒரு கருவி செய்துபார்த்தார். நச்சுவாயுவுக்குக் கருவி அசையவே இல்லை. அலுத்துப்போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தபோது மீட்டரின் முள் இறங்கியது. காகிதம்போலச் சட்டென்று சுடர்விட்டு எரியும் தீயை இந்த வகை முன்னதாகப் பிடிக்கும். சுவரில் மாட்டியிருக்கும்வரை அந்தக் கதிரியக்கத்தால் ஆபத்தில்லை, உடைத்துப் பிரிக்காமல் இருந்தால் போதும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஒளி வகையை வாங்குங்கள். இரவில் கனியும் தீயை நினைத்துச் சொல்கிறேன், சமையல் ஆவிக்கு வீணாக அடிப்பதும் அதில் குறைவு.

புகை மேலே எழும் என்பதால் இடம் கூரை. சுவரில்தான் மாட்ட வேண்டும் என்றால் கூரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள். படுக்கையறை ஒவ்வொன்றிலும், படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள நடையில், மாடி ஒவ்வொன்றிலும் ஒன்று என்பது நல்ல கணக்கு. அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். ஃபேனுக்கும் ஏசி வாய்க்கும் நேரே வைத்தால் காற்று புகையை விரட்டிவிடும். சமையலறைக்குள்ளேயே ஏதாவது வேண்டும் என்றால் வெப்ப அலாரம் பொருத்தம். அது புகையைப் பொருட்படுத்தாது, வெப்பம் ஏறக்குறைய 57 டிகிரியைத் தாண்டும்போதோ மிக வேகமாக ஏறும்போதோதான் அடிக்கும். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைக்கும் வசதி உள்ள அலாரங்கள் கிடைத்தால் அவற்றையே வாங்குங்கள். கீழே சமையலறைப் பக்கம் அடிப்பது மாடியில் கதவைச் சாத்தித் தூங்குபவருக்குக் கேட்க வேண்டுமே.

அதன் பேச்சையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று நீண்ட ஒலி, சற்று நிறுத்தம், மறுபடி மூன்று என்றால் தீ, வெளியேறு என்று பொருள். பல நாடுகளின் கருவிகள் இந்த முறையையே பின்பற்றுகின்றன. கார்பன் மோனாக்சைடு அலாரங்களில் நான்கு சிறு ஒலியும் நிறுத்தமும் வரும். நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றையாகக் ‘கீச்’ என்றால் பேட்டரி தீர்கிறது. அந்தக் கீச்சொலி இரவில் சகிக்க முடியாமல் போகும்போது பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்கப்போகிறவர்கள் ஏராளம். காலையில் அது நினைவுக்கு வருவதில்லை. புது பேட்டரி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்திருங்கள். கருவியின் பின்புறத்தில் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும். 10 ஆண்டு ஆகிவிட்டால் பொத்தானை அழுத்தும்போது சத்தம் வந்தாலும் மாற்றிவிட வேண்டும், உள்ளே உணரும் பகுதி தளர்ந்திருக்கும்.

எரிவாயு சென்சார் வைப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். அதற்கான சென்சார் தரையருகே இருக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது, மேலே போகும், அதன் சென்சார் கூரையருகே. இடம் மாறிவிட்டால் எவ்வளவு நல்ல சென்சாரும் வெகு தாமதமாகத்தான் சொல்லும். கசிவு வாசனை வந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் எழும் பொறியே போதும். வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்த பிறகு போனை எடுங்கள்.

பூட்டும் வழியும்

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி இது. திருடனுக்குப் பயந்து நாம் செய்கிற பல ஏற்பாடுகள் தீயின்போது நம்மையே அடைத்துவிடுகின்றன.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். எட்டாம் மாடியில் தொடங்கிய தீயைப் பற்றி அங்கிருந்தவர்கள் பத்தாம் மாடிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். நடுவே ஒன்பதாம் மாடிக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே அலாரம் இல்லை. தெரிந்து ஓடியபோது ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. வேலை செய்பவர்கள் துணியைத் திருடிப்போகாமல் எல்லோரையும் ஒரே வாசல் வழியாகச் சோதித்து அனுப்புவதற்காகப் பூட்டிய கதவு அது. செய்தியும் போய்ச் சேரவில்லை, வழியும் இல்லை.

இதற்கு முன்பே, 1883-ல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் இருந்த விக்டோரியா அரங்கில் தீயே இல்லாமல் 183 குழந்தைகள் நெரிசலில் இறந்தார்கள். படிக்கட்டின் அடியில் இருந்த கதவு, ஒரு நேரத்தில் ஒரு குழந்தை மட்டும் நுழையும் அளவு இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. அந்தத் துயரத்தால் தூண்டப்பட்ட ராபர்ட் பிரிக்ஸ் என்பவர் 1892-ல் ஒரு தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து திறக்க முடியாது, உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே திறந்துவிடும். திரையரங்குகளின் அவசர வழிக் கதவில் குறுக்காக இருக்கும் அந்தத் தள்ளுகம்பி அதன் வழிவந்ததுதான். திருடனும் நுழைய முடியாது, உள்ளிருப்பவரும் சிக்கமாட்டார். கடை, பட்டறை, அலுவலகம் வைத்திருப்பவர்கள் அவசர வழிக்குச் சங்கிலிப் பூட்டுப் போடாமல் இந்தக் கம்பியைப் பொருத்துங்கள். திறந்தால் அடிக்கும் அலாரத்தோடும் அது கிடைக்கும். அட்டை காட்டித் திறக்கும் மின்காந்தக் கதவு என்றால், தீ அலாரம் அடித்ததும் அது தானாகத் திறந்துகொள்ளுமாறு இணைத்திருக்கிறார்களா என்று உங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இரவில் ஊழியர்கள் உள்ளே தூங்குகிறார்கள் என்றால் ஷட்டரை வெளியிலிருந்து பூட்டவே கூடாது.

வீட்டில் இதே கதைதான் கம்பி வைத்த ஜன்னல்களில். படுக்கையறை ஜன்னல் ஒன்றிலாவது கம்பிச் சட்டம் உள்ளிருந்து திறக்கும்படி கீலோடு இருக்கட்டும். பூட்டுப் போட்டே ஆக வேண்டும் என்றால், வெளியிலிருந்து எட்டாத, உள்ளே இருட்டில் தடவினாலும் கிடைக்கும் ஓர் ஆணியில் சாவி எப்போதும் தொங்க வேண்டும். கைப்பையில் இருக்கும் சாவி புகையில் கிடைக்காது. வாசல் கதவின் உள்பூட்டுக்கும் இதே விதி.

அந்த இரண்டு நிமிடங்கள்

அலாரம் அடித்ததும் என்ன செய்வது என்பதை அப்போது யோசிக்க முடியாது. ஒவ்வோர் அறையிலிருந்தும் வெளியேற இரண்டு வழி, வெளியே எல்லோரும் கூடும் ஓர் இடம், நடக்க முடியாத பெரியவரையும் குழந்தையையும் யார் கூட்டிவருவது. இவ்வளவும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் திறக்காதீர்கள். புகை இருந்தால் தவழ்ந்து போங்கள், தரையருகேதான் மூச்சுவிடக் காற்று மிஞ்சியிருக்கும். போகும்போது பின்னால் கதவுகளைச் சாத்திக்கொண்டே போங்கள். வெளியே வந்த பிறகுதான் தீயணைப்புத் துறைக்குப் போன். உள்ளே விட்ட பொருளுக்காகத் திரும்பப் போகவே கூடாது.

கதவைச் சாத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சோதனைத் தீக்களில் அளந்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் கதவு திறந்திருந்த படுக்கையறை 500 டிகிரியைத் தாண்டியபோது, எதிரே கதவு சாத்தியிருந்த அறை 40 டிகிரி அளவிலேயே இருந்தது. வெறும் மரக்கதவுதான். இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குவதற்கு ஒரு பைசா செலவில்லை.

சமையல் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் போகும் தண்ணீர் நொடியில் ஆவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும், எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறியும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை ஒரு மூடியால் மெல்ல மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். தீயணைப்பான் இருந்தால் நல்லது. ஆனால் அது குப்பைத்தொட்டி அளவுத் தீக்குத்தான். வெளியேறும் வழி உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் மட்டும் நின்று அணையுங்கள்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. புகை அலாரத்தின் ஒலி பொதுவாக 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் இருக்கும். கேட்கப் போதுமான சத்தம்தான். ஆனால் அந்தக் கீச்சென்ற உயர்ந்த ஒலியில் சிறு குழந்தைகள் பலர் எழுவதே இல்லை என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. வயதானவர்களுக்கும் உயர்ந்த ஒலிதான் முதலில் கேட்காமல் போகும். 520 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியில் அடிக்கும் அலாரங்கள் இவர்களை நன்றாக எழுப்புகின்றன, கிடைத்தால் அவற்றைத் தேர்ந்தெடுங்கள். எப்படியிருந்தாலும் ஒரு விடுமுறை நாளில், அலாரம் அடிக்கப்போகிறது என்று குழந்தைகளிடம் பகலிலேயே சொல்லி வையுங்கள். அன்றிரவு எல்லோரும் தூங்கி, கதவெல்லாம் சாத்திய பிறகு, நடையில் இருக்கும் அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். யார் எழுந்து வருகிறார்கள் என்று பாருங்கள். வராதவர் அறைக்குள் எட்டிப் பாருங்கள். குழந்தை புரண்டு படுத்து அப்படியே தூங்கிக்கொண்டிருந்தால், உண்மையில் அடிக்கும் இரவில் அந்த அறைக்கு யார் ஓடுவது என்பதை மறுநாள் காலையிலேயே பேசி முடிவுசெய்துவிடுங்கள்.